திங்கட்கிழமைகள் போன இடம்

“…ராசியும் வேணாம், தோஷமும் வேணாம் சார். கை கையா இருந்தாப் போதும் எனக்கு” என்று அக்கா சொன்னார்.

மனிதர்கள் போகிற போக்கில் சொல்வதைக் காதில் பிடித்து வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஸ்ரீரங்கத்திலிருந்து போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஒரு கண்டக்டர், “உள்ள போங்க, உள்ள போங்க, பஸ்ஸுக்குள்ளயும் ஒரு ஊர் இருக்கு” என்பார். அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பேன். அக்கா சொன்னது சிரிக்கிற பேச்சு இல்லை. அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், மூன்று திங்கட்கிழமைகள் காணாமல் போனதைச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் பின்பாதி. தில்லைநகரில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன் பிரஸ் வைத்திருந்தவர்தான் முதலாளி. ஸ்ரீரங்கத்துக்காரர். விடியற்காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றி ஈரம் காயாமல் ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். நான் அங்கே டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். மெஷின் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட, “நீ புஸ்தகம் படிக்கறவளாச்சே, இதையும் படியேன்” என்று தலையணை கனத்தில் நான்கு புத்தகங்களை முதலாளி என் கையில் கொடுத்துவிட்டார். எல்லாம் இங்கிலீஷ். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் வீட்டிலும் அடுப்படியிலும் படித்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. புரியாத வரியை நான்கு நாள் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பேன். ஐந்தாம் நாள் ரசத்துக்குப் புளி கரைக்கும்போது புரியும்.

மெஷின் என்று நாங்கள் சொன்னது பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி. அதற்குள் ஒரு சின்ன டிஸ்க். பக்கத்தில் தனிப் பெட்டியில் ஒரு பெரிய டிஸ்க். வெளியே ஹாலில் டைப் அடிப்பவர்களுக்குத் திரையும் விசைப்பலகையுமாக டெர்மினல்கள். அவர்கள் அடிக்கிற அத்தனையும் பெரிய டிஸ்க்கில்தான் போய் உட்கார வேண்டும். சின்னதில் இடம் போதாது.

கம்ப்யூட்டர் என்றால் ஸ்விட்சைப் போட்டதும் முழுசாக விழித்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. அது ஒரு கூட்டுக்குடும்பம் எழுந்திருக்கிற மாதிரி. வாசல் தெளிப்பதற்கு முன்னால் கதவைத் திறக்க வேண்டும். காபி கலப்பதற்கு முன்னால் பால் வந்திருக்க வேண்டும். எங்கள் மெஷின் முதலில் தன் சின்ன டிஸ்க்கைச் சோதித்துக்கொள்ளும். அப்புறம் பெரிய டிஸ்க்கைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும். அதற்கு அப்புறம்தான் டெர்மினல்களைத் திறந்து, அடிக்கிறதை வாங்கி எழுதிவைக்கிற புரோகிராமை எழுப்பும். பிரிண்டர் கடைசி. இந்த வரிசையை மெட்ராஸிலிருந்து வந்த எஞ்சினியர் ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். மெஷின் எழுந்திருக்கும்போதெல்லாம் அதை மேலிருந்து கீழாகப் படித்து, சொன்னபடி செய்யும். ஆனால் ஒன்று எழுந்திருக்காவிட்டால் அடுத்ததை எழுப்பலாமா என்று அது நின்று யோசிக்காது. பால் வரவில்லை என்றால், ‘பால் வரவில்லை’ என்று மெஷின் ரூம் திரையில் ஒரு வரி போட்டுவிட்டு, வெறும் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

அக்காவைச் சொல்கிறேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர். பாலக்கரைக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற அதே வெள்ளைச் சேலையைத் திங்கட்கிழமை ஆபீசுக்கும் கட்டிக்கொண்டு வருவார். வக்கீல் ஆபீசில் ரொம்ப வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். வக்கீல் இறந்ததும் ஆபீசை மூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை செய்தவர். இரும்புத்தூள் தெறித்து இரண்டு கண்ணும் போய் வீட்டோடு இருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் வாசல்படி இறங்கி வெளியே போகிற ஆள் அந்த வீட்டில் அக்கா ஒருவர்தான். டிபன் சாப்பிடும்போது சில நாள் சொல்வார்: “இந்த வயசுல எனக்கு இன்னொருத்தர் நாற்காலி போடுவாங்களா சொல்லு? இதுல இருந்து எந்திரிச்சேன்னா அப்புறம் நின்னுக்கிட்டேதான் இருக்கணும்.”

அந்த வருஷம் சென்டருக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்களின் விண்ணப்பங்களை கம்ப்யூட்டரில் ஏற்றித் தர வேண்டும். லால்குடி, துறையூர், உப்பிலியபுரம் என்று ஊர் ஊராகக் கட்டுகள் வரும். முக்கால்வாசிப் பேர் ஒருமுறை தவறி மறுபடி எழுதுகிறவர்கள். “கையெழுத்தப் பாரேன், பயந்து பயந்து எழுதியிருக்கு புள்ள” என்று அக்கா தனக்குள் பேசிக்கொண்டே அடிப்பார். இந்த வேலை கேட்டு மாதிரிக்கு அனுப்பிய பக்கத்தை அடித்தவர் அக்கா. வேலை கிடைத்துவிட்டதல்லவா, முதலாளிக்கு நம்பிக்கை விழுந்துவிட்டது. “உங்க கைராசிம்மா இது. சந்தேகமே இல்லை.”

வேலை அதிகம் என்பதால் எட்டு மணிக்கே ஆபீஸ் தொடங்க வேண்டியதாயிற்று. அங்கேதான் சிக்கல். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். ஞாயிறு முழுக்க அணைந்து கிடந்த மெஷினைத் திங்கள் காலை எட்டு மணிக்குப் போடுவதா?

“கூடவே கூடாது” என்றார் முதலாளி. “பாவம், ஏற்கெனவே ஃபெயிலான குழந்தைகள். அதுகள் பேரை ராகுகாலத்துலயா ஆரம்பிக்கறது? ஏழரைக்குள்ள நானே வந்து மெஷினைப் போட்டுடறேன். ராசியான கையால ஒரு பேர் அடிச்சு ஆரம்பிச்சுட்டா, அப்புறம் எந்த ராகுவும் ஒண்ணும் பண்ண முடியாது.”

ராசியான கை பாலக்கரையில் இருந்தது, பக்கம். நான் காவிரி தாண்டி வர வேண்டும். ஆகவே திங்கட்கிழமைகளில் முதலாளி வந்து ஏசியைப் போட்டு, மெஷினையும் போடுவார். பெரிய டிஸ்க் பெட்டியைத் தொடமாட்டார். ரூம் நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் அதைப் போட வேண்டும் என்று எஞ்சினியர் எச்சரித்திருந்தார். போதாததற்கு அது சுற்ற ஆரம்பிக்கும்போது போடுகிற கூச்சல் முதலாளிக்குப் பயம். அக்கா உட்கார்ந்து முதல் பெயரை அடிப்பார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கமாட்டார், அப்படியே வேலையைத் தொடர்வார். எட்டேகாலுக்கு நான் வந்து, ரூம் குளிர்ந்திருப்பதைப் பார்த்து, பெரிய டிஸ்க்கைப் போட்டு, அது வேகம் பிடித்ததும் கட்டளை கொடுத்து மெஷினோடு இணைப்பேன். மற்றவர்கள் அதற்கு அப்புறம் வந்து உட்காருவார்கள். இதில் பிசகு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டைப் போட்டு வைப்பதில்லையா, அந்த மாதிரி ஒரு ஏற்பாடு.

முதல் திங்கள் முடிந்து செவ்வாய்க்கிழமை. சரிபார்ப்பதற்காக முந்தின நாள் வேலையை மேனேஜர் பிரிண்ட் எடுப்பார். எல்லாருடையதும் வந்தது. அக்காவுடையது ஒரு வரி வரவில்லை.

மேனேஜர் சின்ன வயசு, பி.காம். ஃபர்ஸ்ட் கிளாஸ். நக்கலாகப் பேசினால்தான் வேலை நடக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

“என்னக்கா, நேத்து லீவா?”

“நாள் பூரா அடிச்சேன் சார். உங்க கண்ணு முன்னாடிதானே உக்காந்திருந்தேன்.”

“உக்காந்திருந்தீங்க. அடிச்சீங்களா?”

“அடிச்சதைத் திருப்பி ஸ்கிரீன்ல பாத்துட்டுத்தான் எந்திரிச்சேன்.”

“அப்ப சேவ் பண்ண மறந்திருப்பீங்க. வக்கீல் ஆபீஸ் டைப்ரைட்டர்னு நினைச்சீங்களா, அடிச்சா பேப்பர்ல நிக்கறதுக்கு?”

அக்கா அந்தக் கட்டை மறுபடி எடுத்து, அன்றைய வேலையும் அடித்து, எல்லாரும் போன பிறகும் இருந்து முடித்துவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமையும் அதே மாதிரி. மற்றவர்கள் வேலை இருந்தது, அக்காவுடையது இல்லை. இந்த முறை நக்கல் குறைந்துவிட்டது, குரல் ஏறியது. “மறந்துட்டேன்னு சொன்னாக்கூட மன்னிக்கலாம். அடிச்சேன் அடிச்சேன்னு பொய் சொல்றீங்க பாருங்க.” பொய் என்கிற வார்த்தை விழுந்ததும் அக்காவின் கை கழுத்துச் சிலுவையைத் தேடிப் போயிற்று. “மாதா சத்தியமா அடிச்சேன் சார்.” பக்கத்தில் இருந்த பெண்கள் முதலில், “திங்கக்கிழமைப் பிசாசு, அக்கா மேல அதுக்கு ஆசை” என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கேலியும் நின்றுவிட்டது. டிபனுக்கு உட்காரும்போது நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அதுதான் அக்காவை ரொம்ப வாட்டியது. பஸ் ஸ்டாப்பில் என்னிடம் கேட்டார்: “ஏம்மா, எனக்குப் புத்தி பேதலிச்சிருச்சா? அடிக்காததை அடிச்சதா நினைக்கிறேனா? அவருக்குக் கண்ணு போச்சு, எனக்கு மூளையும் போச்சுன்னா அந்த வீட்ட யாரு பாக்கறது?”

 பெரிய டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன். அழிந்த தடயம்கூட இல்லை. எழுதியே இல்லாத மாதிரி இருந்தது.  மெஷினின் கட்சியும் மேனேஜரின் கட்சியும் ஒன்றாக இருந்தன.

மூன்றாவது திங்கட்கிழமை. மேனேஜர் நாள் முழுக்க அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, மூச்சு பிடரியில் படுகிற தூரத்தில். அக்கா வேர்த்து வேர்த்து அடித்தார். சாயங்காலம் மேனேஜரே திரையில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, “சரி, இன்னிக்கு இருக்கு” என்றார். விண்ணப்பக் கட்டுகளை வாங்கிக்கொண்டு போக மெட்ராஸிலிருந்து ஆள் வந்திருந்தான். அது கடைசித் தவணை. கட்டுகளை அவனிடம் கொடுத்துவிட்டோம். மறுநாள் செவ்வாய் சாயங்காலம் எல்லாவற்றையும் டேப்பில் ஏற்றி ரயிலில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பிரிண்ட் எடுத்தோம். அக்காவின் திங்கட்கிழமை இல்லை.

மறுபடி அடிக்கலாம் என்றால் விண்ணப்பங்கள் மெட்ராஸ் போய்விட்டன. மேனேஜர் கத்தவில்லை. மெதுவாகப் பேசினார். அது அதைவிட மோசம்.

“நானே பாத்தேன், இருந்துச்சு. இப்ப இல்லை. அப்படின்னா யாரோ அழிச்சிருக்கணும். உங்க பேர்ல திறந்ததை உங்களைத் தவிர வேற யாரு அழிக்க முடியும்? எதிர் சென்டர்காரன் என்ன சொன்னான் உங்ககிட்ட?”

“சேசுவே! நான் ஏன் சார் அழிக்கிறேன்?”

“சாயங்காலத்துக்குள்ள அது வரணும். இல்லைன்னா நாளைலேர்ந்து வர வேண்டாம். எங்க வேலை பாத்தீங்கன்னு யாராவது கேட்டா நான் நடந்ததைத்தான் சொல்லுவேன்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான். வேலை போவது ஒன்று, அந்தப் பெயரோடு போவது இன்னொன்று. திருச்சியில் அப்போது இருந்த கம்ப்யூட்டர் சென்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு மத்தியான நேரத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அக்கா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, விசையைத் தொடாமல், இறங்க வேண்டிய ஸ்டாப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். “நான் இருக்கேங்க்கா, தேடறேன்” என்றேன். “எதைத் தேடுவே? பிசாசையா?” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மெஷின் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. என்ன செய்வது என்று ஒன்றும் ஓடவில்லை. டேப்போடு அனுப்ப மேனேஜர் கேட்டிருந்த கடைசிப் பிரிண்டையாவது எடுப்போம் என்று பிரிண்டருக்குக் கட்டளை கொடுத்தேன். அது பாதியில் நின்றது. இடம் இல்லை என்றது.

அச்சடிக்கக் காத்திருக்கிறதைப் பிரிண்டர் சின்ன டிஸ்க்கில்தான் வைத்துக்கொள்ளும். சின்ன டிஸ்க்கில் நாங்கள் ஒன்றும் வைப்பதில்லையே, அது எப்படி நிறையும்? ஒவ்வொரு இடமாக என்ன கிடக்கிறது என்று எழுதிக் கூட்டினேன். கூட்டியது வேறு, நிறைந்திருப்பதாக மெஷின் சொன்னது வேறு. மறுபடி கூட்டினேன். வீட்டில் எண்ணினால் நான்கு பேர்தான் இருக்கிறார்கள், ஆனால் அரிசி ஆறு பேருக்குச் செலவாகிறது. அப்படியென்றால் கண்ணில் படாமல் யாரோ அந்த வீட்டில் இருந்து சாப்பிடுகிறார்கள்.

எங்கே இருக்க முடியும்? சின்ன டிஸ்க்கில் கண்ணுக்குத் தெரியாத இடம் எது?

கல்யாண மண்டபத்தில் ஜமக்காளம் விரிப்பதற்கு முன்னால் வெறும் தரையில் ஒருத்தி மோதிரத்தைத் தவறவிட்டாள் என்று வையுங்கள். அப்புறம் ஜமக்காளத்தை விரித்துவிட்டார்கள். அத்தனை பேரும் ஜமக்காளத்தின் மேல் தேடுகிறார்கள். அது கிடைக்குமா?

பெரிய டிஸ்க்கை இணைப்பது என்பது இந்த ஜமக்காளத்தை விரிக்கிற வேலைதான். சின்ன டிஸ்க்கில் அதற்கென்று ஒரு வெற்றிடம் உண்டு. அதன் மேல் பெரிய டிஸ்க்கை விரித்ததும், அந்த இடத்தில் யார் எதை வைத்தாலும் பெரிய டிஸ்க்கில் போய் உட்காரும். விரிப்பதற்கு முன்னால் வைத்தது அடியில் தரையில் கிடக்கும். திங்கட்கிழமை முதலாளி மெஷினைப் போடும்போது பெரிய டிஸ்க் தூங்கிக்கொண்டிருக்கிறது. மெஷின் அதற்காக நிற்காமல், அடிக்கிறதை வாங்குகிற புரோகிராமை எழுப்பிவிடுகிறது. ராகுகாலத்துக்கு முன்னால் அக்கா முதல் பெயரை அடிக்கிறார். அந்தப் புரோகிராம் வெறும் தரையில் அவருக்கு ஒரு ஃபைலைத் திறந்து, அவர் எழுந்து போகிறவரை அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. எட்டேகாலுக்கு நான் வந்து மேலே ஜமக்காளத்தை விரிக்கிறேன். அதற்குப் பிறகு வந்து உட்கார்ந்தவர்கள் அடித்தது ஜமக்காளத்தின் மேல். அக்கா சாயங்காலம் வரை அடித்தது அடியில். திரையில் அவருக்குத் தெரியும். அவர் ஃபைல் அவர் கையில்தானே இருக்கிறது. எழுந்து போனதும் அதற்கு வழி தெரிந்தவர் யாரும் இல்லை.

இதெல்லாம் ஊகம்தான். பார்க்க வேண்டுமானால் பெரிய டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். கழற்ற வேண்டுமானால் ஹாலில் அத்தனை பேரும் வேலையை நிறுத்த வேண்டும்.

“முடியாது” என்றார் மேனேஜர். “கடைசி நாள்ல இருக்கறவங்க வேலையையும் நிறுத்தச் சொல்றியா? கழட்டின டிஸ்க் திரும்பி மாட்டலைன்னா? அவங்க ஒருத்தர் வேலைதான் போச்சு. உன் ஐடியாவுல எல்லார் வேலையும் போகும்.”

“கொஞ்ச நேரம்தான் சார்.”

“உனக்கு அவங்க மேல பாசம். எனக்கு டேப் போகணும்.”

முதலாளி மத்தியானம் வீட்டுக்குப் போனால் மூன்றரைக்கு மேல்தான் திரும்புவார். மாடிப்படியிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன். ஜமக்காளம், மோதிரம் எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவருக்கு ஜமக்காளம் புரிந்தது. உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு உயிர் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகுகாலம்.

“நாலரைக்கு மேல பண்ணேன்மா. என்ன அவசரம்?”

“அதுக்கப்புறம் நேரம் போதாது சார். கிடைச்சதைத் திருப்பி வைக்கணும், டேப்புல ஏத்தணும். ரயில் நிக்காது.”

“அதுக்குன்னு இந்த வேளையிலயா ஒரு காரியத்தை ஆரம்பிக்கறது?”

எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ தெரியாது. “ஆரம்பிக்கலை சார். நிறுத்தப்போறோம். ஓடிட்டிருக்கறதை நிறுத்திக் கழட்டப்போறோம். நிறுத்தறதுக்கும் ராகுகாலம் பாக்கணுமா?”

முதலாளி படியிலேயே நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். மனதுக்குள் யாரோடோ ஆலோசிப்பது போலிருந்தது. “நிறுத்தறதுக்கு…” என்று இழுத்தார். “நிறுத்தறதுக்குப் பாக்க வேண்டியதில்லை. சாஸ்திரத்துல அப்படிச் சொன்னதாத் தெரியலை. நிறுத்து.”

ஹாலில் எல்லாரும் வேலையை மூடிவிட்டு எழுந்தார்கள். மெஷின் ரூமுக்கு முதலாளி வந்தார், மேனேஜர் வந்தார், வாசலில் அக்கா. கழற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். மாட்டேன் என்றது. யாரோ உபயோகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றது.

“பாத்தீங்களா” என்றார் மேனேஜர்.

எல்லா டெர்மினலும் மூடித்தான் இருக்கிறது. மறுபடி கொடுத்தேன். மறுபடி அதே பதில்.  யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று மெஷினையே கேட்டேன். ஒரே ஒரு பெயர் வந்தது. மேனேஜரின் பெயர். அவருடைய கண்ணாடி ரூமில் இருந்த டெர்மினலைக் காலையில் திறந்தவர் மூடவே இல்லை.

முதலாளி அவரைப் பார்த்தார். “போங்கோ, போய் மூடிட்டு வாங்கோ” என்றார். அவர் போய்த் திரும்பி வருகிறவரை வாசலில் அக்காவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபமாலை கையில் இல்லை. விரல் கணுக்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை கட்டளை கொடுத்தேன். இந்த முறை மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. மறுப்பு இல்லையென்றால் சரி என்று அர்த்தம். அதற்குப் பேசிப் பழக்கமில்லை. வெற்றிடமாக இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

மூன்று பெயர்கள் வந்தன. மூன்றும் அக்காவின் பெயரில் திறந்தவை. மூன்றும் திங்கட்கிழமைகள். கடைசியைத் திறந்தேன். உப்பிலியபுரம் பக்கத்துப் பிள்ளைகள் வரிசையாகத் திரையில் ஏறி வந்தார்கள், அப்பா பெயரோடு, பிறந்த தேதியோடு, எந்தப் பாடத்தில் தவறினார்கள் என்கிற விவரத்தோடு.

“இருக்குக்கா” என்றேன். 

அக்கா உள்ளே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சுருக்கென்று ஒரு மூச்சு இழுத்தார், தண்ணீருக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டியவர் மாதிரி.

மூன்று திங்கட்கிழமைகளையும் எடுத்துப் பத்திரமாக வேறிடத்தில் வைத்தேன். பெரிய டிஸ்க்கை மறுபடி இணைத்து, கடைசித் திங்கட்கிழமையை மட்டும் கொண்டுபோய் உரிய இடத்தில் சேர்த்தேன். டேப் ரயிலுக்குப் போக நேரம் இருந்தது. எஞ்சினியரின் வரிசையில், பெரிய டிஸ்க் இணைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் அடிக்கிறதை வாங்கும் புரோகிராமை எழுப்பாதே, நில் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்து எழுதினேன். எழுதி முடித்த பிறகும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்காகவா ஒரு பெண்பிள்ளை மூன்று வாரம் தன் புத்தியையே சந்தேகப்பட்டார்?

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நான் அப்பவே சொன்னேனா இல்லையா? ராசியான கை! அடியில புதைஞ்சு கிடந்தும் ஒரு எழுத்து அழியலை பாருங்கோ. அடுத்த பெரிய வேலைக்கும் முதல் பேர் நீங்கதாம்மா அடிக்கணும்.”

மேனேஜர் தன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே, “அதான் கிடைச்சிருச்சுல்ல. போய் உக்காருங்க” என்றார் அக்காவிடம். என்னிடம், “அந்தப் பழைய ரெண்டு வாரமும் திரும்ப அடிச்சாச்சு. வீணா இடத்தை அடைக்குது. அதை எல்லாம் அழிச்சிரு” என்றார். போகிற போக்கில் முதலாளி பக்கம் குனிந்து, “என்ன இருந்தாலும் மத்தவங்க கை பட்டப்ப இந்த மாதிரி நடக்கலை சார்” என்று ஒன்றையும் சொல்லிவைத்தார். மெதுவாகத்தான் சொன்னார். ஏசி சத்தத்திலும் எல்லாருக்கும் கேட்டது.

அப்போதுதான் அக்கா கையைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்னார். முதலாளியைப் பார்த்துத்தான் சொன்னார். பாதி மேனேஜருக்குப் போய்ச் சேர்ந்தது. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “அழிக்காதம்மா, கொஞ்சம் இரு. அந்த ரெண்டு வாரத்தையும் என் டெர்மினல்ல கொண்டுவந்து காட்டு” என்றார். கொண்டுவந்தேன்.

அக்கா ஹாலுக்குப் போய்த் தன் நாற்காலியை வெளியே இழுத்தார். அதன் மேல் இருந்த கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தார். “வாங்க சார்” என்று மேனேஜரைக் கூப்பிட்டார். “உக்காருங்க.”

“எதுக்குக்கா? அதான் பாத்தாச்சே.”

“நீங்க பாத்தது மூணாவது வாரம் சார். இது நீங்க பொய்னு சொன்ன வாரம், அது மறந்திருப்பேன்னு சொன்ன வாரம். உக்காந்து படிங்க. வாய்விட்டுப் படிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்.”

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார். எழுந்து நின்றிருந்த பெண்கள் யாரும் தங்கள் இடத்துக்குப் போகவில்லை. மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முதல் பெயரைப் படித்தார். லால்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதில் எழுத்து மங்கலாக இருந்ததோ, குரல்தான் மங்கியதோ, தடுமாறி நின்றார்.

அக்கா அவருக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, திரையின் வெளிச்சத் திருகைக் கொஞ்சம் கூட்டிவிட்டார்.